பொதுநலத்தின் பெயரால் ஒரு பொய்

நாட்டின் நன்மையை மனமார நாடுகின்ற ஒருவர், அந்த நன்மையின் பொருட்டே நாட்டின் சபையில் பொய் சொல்லலாமா என்னும் வினா மிகப் பழையதாயினும், 1956-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் பிரதம மந்திரி ஆண்டனி ஈடன் முன்னிலையில் அது கூர்மையாக எழுந்து நின்றது. ஈடன் இழிந்த மனிதரல்லர். இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியோடு அப்போதைய பிரதம மந்திரி சேம்பர்லின் இணக்கம் பேசிய முறையைப் பொறாமல் 1938-இல் வெளிநாட்டு மந்திரி பதவியைத் துறந்தவர். பதவியினும் கொள்கையே பெரிதென வாழ்ந்தவர் என்ற கௌரவம் அவருக்கு இருந்தது.

அந்தக் கௌரவமே அவர் கண்ணை மறைத்தது. 1956 ஜூலை 26-இல் எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியைத் தேசவுடைமையாக்கியபோது, ஈடனுக்கு அவர் மற்றொரு முசோலினியாகவே தோன்றினார். தன் எல்லைக்குள் ஓடும் கால்வாயை, பங்குதாரருக்கு ஈடு தருவதாகச் சொல்லி ஓர் அரசு எடுத்துக்கொள்வது, படையெடுத்துச் செல்லத்தக்க காரணமாகாது என்று கருதியவர்கள் அவருடைய வெளிநாட்டு இலாகாவிலேயே இருந்தனர். அதன் சட்ட ஆலோசகர் ஃபிட்ஸ்மாரிஸ் அவர்களுள் ஒருவர். அவருடைய யோசனை ஏற்கப்படவில்லை.

அக்டோபர் 24-இல், பாரிஸை அடுத்த செவ்ர் என்னுமிடத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகியவற்றின் பிரதிநிதிகள் ஓர் இரகசிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். இஸ்ரேல் எகிப்தைத் தாக்க வேண்டும். தீ வைக்கச் சொன்னவனே தண்ணீர்க் குடத்தோடு ஓடிவருவதுபோல, மற்ற இரு நாடுகளும் சமாதானம் செய்ய வந்தவர்களாகப் படையிறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இது எழுத்தில் இடம்பெற்றதை அறிந்து பதறிய ஈடன், பிரிட்டிஷ் பிரதியை அழிக்கச் செய்தார். அமெரிக்கா துணைநிற்க மறுத்து, பவுன் நாணயத்தின் நிலை தளர்ந்து, படை இறங்கிய சூட்டிலேயே, நவம்பர் 6 நள்ளிரவில், யுத்தத்தை நிறுத்த நேர்ந்தபின்னரும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. இஸ்ரேலின் தாக்குதலைத் தாம் முன்னறியவில்லை என்று டிசம்பர் 20-இல் காமன்ஸ் சபையில் கூறினார்.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் வரிசையில் இடம்பெறலாம் என்று வள்ளுவர் அளித்த விலக்கைக் காட்டி ஈடனுக்காக வாதாடலாம். ஆனால் அவ்விலக்கு, தன் சொல்லால் காக்கப்படும் உயிரைக் கண்ணெதிரே காண்பவனுக்கே பொருந்தும். கோடிக்கணக்கான மக்களின் சார்பில் ஆள்பவனோ, தான் எண்ணிய நன்மை நன்மைதானா என்று சோதிக்க வல்ல சபையையே அப்பொய்யால் குருடாக்கிவிடுகிறான். ஈடன் தம் கொள்கையை மனப்பூர்வமாக நம்பினார் என்பது அவர் குற்றத்தைக் குறைக்கும் என்பர் சிலர். அது குற்றத்தைக் கூட்டுகிறது என்றே தோன்றுகிறது. சுயநலத்துக்காகப் பொய் சொல்பவனுக்கு மனச்சாட்சியின் உறுத்தலாவது எஞ்சியிருக்கும், தர்மத்துக்காகவே பொய்யுரைப்பதாக எண்ணியவனுக்கோ அந்தத் தடையும் இல்லை. யாரிடமும் முழுமையாகப் பேச முடியாத நிலையைத் தாமே உண்டாக்கிக்கொண்டபின், நிகழ்ச்சிகள் அவர் கையை விட்டு நழுவியதில் வியப்பில்லை. உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி 1957 ஜனவரி 9-இல் பதவி விலகினார். நோய் மெய்யே, 1953-இல் நடந்த பித்தப்பை சிகிச்சையில் ஏற்பட்ட சேதம் அவரை இறுதிவரை வருத்தியது. எனினும் நோயின்மேல் பழியைச் சுமத்திவிட்டு இவ்வினாவைக் கடந்துபோவது நியாயமாகாது.

ஈடனினும் கடினமாக ஆராயத்தக்கது, அவருடைய வெளிநாட்டு இலாகாவின் துணை மந்திரி ஆண்டனி நட்டிங்கின் செய்கை. இரகசிய ஏற்பாட்டை அறிந்த நட்டிங், அதனைச் சகியாமல் பதவியைத் துறந்தார். பார்லிமெண்ட் அங்கத்தினர் ஸ்தானத்தையும் விட்டார். அறிந்தும் பதவியில் நீடித்த மந்திரிகளோடு ஒப்பிட, அவர் வணங்கத்தக்கவர். ஆயினும் விலகும் மந்திரிகள் சபையில் காரணம் கூறும் வழக்கத்தை அவர் மேற்கொள்ளவில்லை. 1967-இல் எழுதிய நூலில்தான் மறைந்திருந்ததை வெளியிட்டார். போர் நிகழும் வேளையில் அரசின் அந்தரங்கத்தைக் காத்தார் என அவர் மௌனத்தைப் போற்றுவோர் உண்டு. போர் நின்றபின், டிசம்பர் 20-இல் அப்பொய் சபையில் சொல்லப்பட்டபோது, அந்த நியாயம் முடிந்துபோயிற்று. அதற்குமேல் நீண்ட பத்தாண்டு மௌனம், அவர் யாருடைய உரிமைக்காகப் பதவியைத் துறந்தாரோ அந்தப் பிரஜைகளுக்குச் செலுத்தாமல் விட்ட கடனாகும்.