குருதிநீரும் கொல்லாமையும்

புலாலுண்ணாமை குறித்துப் பாடஞ் சொல்லுங்கால், “கொல்லாமலே ஊன் கிடைக்குமாயின் உண்ணலாமோ?” என மாணாக்கன் ஒருவன் வினாவுதல் உண்டு. முன்னர் இதனை வீண்வாதமெனத் தள்ளினோம். இனித் தள்ளுதல் ஒண்ணாது. 2013ஆம் ஆண்டில் மார்க் போஸ்ட் என்னும் நெதர்லாந்து ஆய்வாளர், பசுவின் தசைக்கலங்களைப் பாத்திரத்தில் வளர்த்து ஆக்கிய ஊனை இலண்டன் மாநகரிலே பலரறியச் சமைப்பித்து உண்பித்தார். 2020இல் சிங்கப்பூர் அரசு இவ்வாறு வளர்த்த கோழியூனை விற்க இசைந்தது.

விடையை ஊனிலே தேடுவோர் பலர். அது வளர்ந்த நீரிலே தேடுக என்பேம் யாம். உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்த நீர் மட்டும் கலத்துக்குப் போதாது. நெடுங்காலமாக அந்நீரில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு சீரம் சேர்த்து வந்தனர். சீரமாவது, குருதி உறைந்தபின் கட்டி நீங்க எஞ்சும் தெளிந்த நீர். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் கலத்தைப் பெருகுவிப்பன. தசைக்கலத்தின் இயல்போ வியப்புக்குரியது. சீரம் மிக்குள்ளவரை அது பிரிந்து பிரிந்து பெருகுமேயன்றித் தசையாகாது. சீரத்தை நூற்றுக்கு 2 பங்காகக் குறைத்தவழிப் பெருக்கம் நின்று, தனிக்கலங்கள் தம்முள் இணைந்து, பல கருக்களையுடைய நீண்ட இழைகளாகிச் சுருங்கும் ஆற்றல் பெறும். விஞ்ஞானபாடம் நடத்துவோர் இதனைச் சொல்லிக் காட்டின் மாணாக்கர் மறவார்.

அச்சீரம் யாண்டுப் பெறப்பட்டது? கொல்களத்திலே சினைப்பசுவை அறுத்து, வயிற்றிலிருந்த கருக்கன்றின் இதயத்தில் ஊசி பாய்ச்சி வடித்த குருதியினின்றும் பெறப்பட்டது. வளர்ச்சிக் காரணிகள் மிக்கும் பிறபொருளெதிரிகள் குறைந்தும் இருத்தலின் அதுவே பெரிதும் விரும்பப்பட்டது. இலண்டனில் உண்ட ஊனும் அக்குருதிநீரில் வளர்ந்ததே. “கழிபொருளைத்தானே கொண்டோம்” என்பர். கழிபொருளுக்கு விலை கொடுப்பின், அது கொல்வானுக்கு வருவாயன்றோ?

இவ்விடை மாணாக்கனை வாயடைக்கும். ஆயினும் அது நிலைத்த விடையன்று. சீரங் குறையுங்கால் கலத்தில் மிகும் ஏற்பிகள் எவையென ஆராய்ந்து, அவற்றுக்குரிய பொருள்களை அளந்தூட்டி, சீரமின்றியே பசுவின் கலங்களைத் தசையாக்கும் முறையைப் போஸ்ட் குழுவினர் 2022இல் வெளியிட்டனர். சீரமில்லா நீரில் வளர்த்த கோழியூனுக்கும் 2023இல் சிங்கப்பூர் இசைவளித்தது. கொலையொன்றையே காரணமாகக் கற்பித்திருப்பேமாயின், “இனித் தடையென்னை?” என அவன் கேட்பது நேரிதேயாம். அங்கும் கொலையுண்டெனப் பொய்யுரைத்து அவனை வெல்ல யாம் உடன்படோம்.

யாம் அவ்வூனை உண்ணோம். காரணம் நாவின் வேட்கையை அடக்கல் வேண்டுமென்பதே என அவனிடம் ஒப்புக்கொள்வோம். அக்காரணம் அவனுக்குப் போதுமோ, அறியோம்.