இழையின் நுனி

கண்ணாடித் தகட்டின் மேல் அகார், மெல்லிய ஏடாக. அதன் ஓரத்தில் நியூரோஸ்போரா கிராசா. ரொட்டியில் ஆரஞ்சுப் பொடியாகப் பூக்கும் பூஞ்சை.

நுண்ணோக்கிக்குள் அந்த நிறம் இல்லை. நிறமற்ற குழல்கள். வெளிச்சம்.


ஒரு குழலைப் பார்க்கிறேன். அகலம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி ஐம்பதாவது அடங்கும்.


நகர்வது நுனி மட்டும்.

பின்னால் உள்ள சுவர், எழுந்த இடத்திலேயே கிடக்கிறது.


மணிக்குச் சுமார் 4 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல்.

மூச்சு உள்ளே வந்து வெளியே போகிறது. அதற்குள் நான்கைந்து மைக்ரோமீட்டர் புதிதாக இருக்கிறது.


சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் நுனி பார்வையை விட்டுப் போய்விடுகிறது. தகட்டைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். மறுபடியும் நுனி.


நுனிக்குள் ஒரு கருந்திட்டு. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் ஒளியில் தெளிகிறது.

அதன் பெயர் ஸ்பிட்சன்கோர்ப்பர். 1924இல் புருன்ஸ்விக் என்ற ஆய்வாளர் சாயமேற்றிய இழைகளில் அதைக் காண்கிறார். 1957இல் கிர்பார்ட், வளர்ந்துகொண்டிருக்கும் இழையில் காண்கிறார்.


அதைச் சுற்றி உறை இல்லை.

சுவருக்கான பொருளைச் சுமந்து நுண்பைகள் பின்னாலிருந்து வருகின்றன. கூடுகின்றன. சுவரை நோக்கிப் பிரிகின்றன. வெளிவட்டத்தில் பெரியவை. நடுவில் சிறியவை, கைட்டினை உருவாக்கும் நொதி அவற்றில். இடையே ஆக்டின் இழைகள்.

ஆற்றில் சுழி இருப்பது போல அது இருக்கிறது. வந்தவை எல்லாம் போகின்றன. திட்டு இருக்கிறது.


வளர்ச்சி நிற்கிறது. திட்டு இல்லை.

வளர்ச்சி தொடங்குகிறது. திட்டு இருக்கிறது.

இடையில் எங்கே இருந்தது என்று ஒரு கேள்வி எழுகிறது. அடங்குகிறது.


திட்டு சற்று இடப்பக்கம் ஒதுங்குகிறது. பிறகு இழை இடப்பக்கம் வளைகிறது.

முன்னே திட்டு. பின்னே திசை.


1989இல் பார்ட்னிக்கி-கார்சியா என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் கணினியில் திட்டுக்குப் பதிலாக ஒரு புள்ளியை நகர விடுகிறார்கள். அது எல்லாப் பக்கமும் சமமாக நுண்பைகளை அனுப்புகிறது. நகர்ந்துகொண்டே அனுப்புகிறது.

திரையில் இழையின் நுனி வடிவம் வருகிறது.

எத்தனை நுண்பைகள், எவ்வளவு வேகம். அந்தக் கணக்கில் இவ்வளவே.


உள்ளே நீர். சுவரை அழுத்திக்கொண்டே இருக்கிறது. காற்றழுத்தத்தைப் போலச் சில மடங்கு.

நுனியில் சுவர் இளசு. அதனால் இடம் கொடுக்கிறது.

சற்றுப் பின்னால் சுவரின் கைட்டினும் குளுக்கானும் ஒன்றோடொன்று பிணைகின்றன. இறுகுகின்றன. அங்கே அழுத்தம் அதேதான். இடம் இல்லை.


இளமை முன்னே போகிறது. இறுக்கம் அதன் பின்னாலேயே வருகிறது.


ஒரே சீராக வளர்வதாகத் தெரிகிறது. படம் பிடித்து அளந்தால் துடிப்புகள். வேகம் ஏறுகிறது. இறங்குகிறது. ஏறுகிறது.

கண்ணுக்கு அது எட்டுவதில்லை.


இறுகிய சுவரில் ஓரிடம் மீண்டும் இளகுகிறது. சிறு புடைப்பு. அதற்குள்ளும் ஒரு திட்டு.

கிளை.


பார்வை பின்னோக்கிப் போகிறது. குறுக்குச் சுவர்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை.

சைட்டோபிளாசம் ஓடுகிறது. ஓர் உட்கரு துளையை நெருங்குகிறது. ஒடுங்கி நீள்கிறது. கடந்ததும் மறுபடி உருண்டையாகிறது. அடுத்தது வருகிறது.

ஒரு செல் எங்கே முடிகிறது. கண் தேடுகிறது. பிறகு தேடாமல் இருக்கிறது.


ஓர் இழை அறுபடுகிறது. உள்ளிருப்பது வெளியே பீறிடுகிறது.

இழையின் பக்கச் சுவரோரம் காத்திருந்த ஒரு துகள், வொரோனின் உடலம், துளையில் அடைத்துக்கொள்கிறது. சில நொடிகள். ஓட்டம் நிற்கிறது.

அடைப்புக்கு அப்பால் உட்கருக்கள் இருக்கின்றன. உயிர் இருக்கிறது.


நுனி நொதிகளை வெளியே விடுகிறது. உணவு வெளியிலேயே கரைகிறது. கரைந்தது உள்ளே வருகிறது.

இந்த உயிருக்கு வயிறு, அது கிடக்கும் இடம்.


எரிந்த கரும்புத் தாளில் இது முளைக்கிறது. இதன் ஆஸ்கோவித்துகள் சூட்டுக்காகக் காத்திருக்கின்றன. ஆய்வகத்தில் 60 டிகிரி செல்சியஸ், அரை மணி நேரம்.

தீ அணைந்த பின் முதல் இழை.


முளைத்த இரண்டு வித்துகள் அருகருகே. இரண்டின் நுனிகளும் எதிரெதிராக வளர்கின்றன.

ஒரு நுனியில் மேக்-2 என்ற புரதம் திரள்கிறது. அப்போது எதிர்நுனியில் எஸ்ஓ என்ற புரதம். சில நிமிடங்கள். இப்போது இங்கே எஸ்ஓ, அங்கே மேக்-2. மறுபடி மாறுகிறது. இரண்டிலும் ஒரே புரதம் ஒரே நேரத்தில் திரள்வதில்லை.

இதைப் பேச்சு என்று எண்ணத் தோன்றுகிறது. எண்ணம் வருகிறது. போகிறது.


நுனிகள் தொடுகின்றன. சுவர்கள் இடையில் கரைகின்றன. உட்கருக்கள் கலக்கின்றன.

தொட்ட இடத்தில் இப்போது நுனி இல்லை. நடு.


கழுத்து வலிக்கிறது. வலி இருக்கிறது. இழை வளர்கிறது.


நீள்வது, நுனியை ஒட்டிய சிறு பகுதியில் மட்டும். அதற்கு வேண்டிய பொருள் பின்னால் உள்ள நீண்ட இழையிலிருந்து வருகிறது.