யாருக்குத் திறந்தது?

பொதுப்பணத்தில் நடந்த ஆய்வை யாரும் காசு கொடுக்காமல் வாசிக்க முடிய வேண்டும். பல்கலைக்கழகங்கள் 'திறந்த அணுக்கம்' என்று சொல்லும் கொள்கையின் சாரம் இதுதான். நல்ல கொள்கை. அது நடைமுறையில் இருக்கிறதா என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் 2007இல் கறாரான ஒரு வழி கண்டது. கட்டுரையைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பதவி உயர்வு போன்ற உள்மதிப்பீடுகளில் அது கணக்கில் வராது. களஞ்சியம் நிரம்பியது. அறிவுரையால் ஆகாத வேலை கணக்கெடுப்பால் ஆனது. அளவுகோலே வேண்டாம் என்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

பிரிட்டனின் 2021 ஆய்வு மதிப்பீடும் இதே வழியில் போனது. இதழ் ஏற்றுக்கொண்ட மூன்று மாதத்துக்குள் கட்டுரை களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டியிருந்தது. ஆனால் சமூகவியல், மானுடவியல் கட்டுரைகளை 24 மாதம் வரை பூட்டி வைக்க அது அனுமதித்தது. பூட்டியிருந்தாலும் அந்த விதிப்படி அது 'இணங்கிய' கட்டுரையாகவே இருந்தது.

இந்த அளவுகோலை லெம்பா பெர்த்தாமில் வைத்துப் பார்க்கிறேன். கேமரன் மலையில் அதிகம் ஆராயப்பட்ட நிலப்பகுதிகளில் இதுவும் ஒன்று. பெர்த்தாம் ஆற்றின் வண்டல், காய்கறித் தோட்டங்களின் பூச்சிமருந்து, ரிங்லெட் நீர்த்தேக்கம் தூர்ந்துபோவது என்று கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. சில இலவசம்; சிலவற்றுக்குக் காசு கட்ட வேண்டும். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து இரவில் திறந்துவிட்ட நீர் சேற்று வெள்ளமாக இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. ஆற்றோரம் குடியிருப்பவருக்கு வண்டல் பற்றிய ஆய்வு உயிர் சமாச்சாரம்.

"நம்ம ஆத்தப் பத்தி எழுதியிருக்காங்களாமே, எங்க படிக்கலாம்?" என்று அங்கே ஒருவர் கேட்டால் எந்த மதிப்பீட்டு அறிக்கையில் அதற்குப் பதில் இருக்கும்?

சரிபார்ப்பவர் வளாகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். நூலகம் சந்தா கட்டியிருப்பதால் அவர் திரையில் எல்லாக் கட்டுரையும் திறக்கும். பூட்டு அவர் கண்ணில் படாது. வளாகத்துக்கு வெளியே போய், சாதாரணக் கைப்பேசியில் திறந்து பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. இதற்குப் பெரிய செலவு கிடையாது.

அப்படித் திறந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். மலாயிலும் தமிழிலும் ஒரு பக்கச் சுருக்கமாவது இருக்கிறதா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். "ஆய்வாளர் என்ன மொழிபெயர்ப்பாளரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அந்தச் சுமையைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும்.

இணக்கம் என்பது நிறுவனத்துக்கும் நிதி தந்தவருக்கும் இடையிலான கணக்கு. ஆய்வுக்கு உள்ளானவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி வேறு. தோட்டத்து வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டபோது, அவர்களுக்குப் புரிகிற மொழி எப்படியோ கிடைத்தது. கண்டுபிடித்ததைச் சொல்லவும் அது கிடைக்கும்.