எள்விளக்கும் ஐப்பசிக் கெடுவும்

கெடு வைத்து நாவல் எழுதுகிறவள் சாமியிடம் என்ன கேட்கலாம்? முடித்துக் கொடு என்று கேட்பது தகுமா? மற்றவர்களுக்கு இது சின்னக் கேள்வியாகத் தெரியலாம். இலத்தூரில் என் பெரியம்மா வாழ்ந்த வீட்டில் ஒற்றையில் உட்கார்ந்து எழுதும் எனக்கு இந்தப் புரட்டாசி முழுக்க இதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

ஐப்பசி கடைசிக்குள் பதிப்பகத்துக்குப் பிரதி போய்ச் சேர வேண்டும். பொங்கலை ஒட்டி நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால் மெய்ப்புப் பார்க்கவும் அட்டை போடவும் அச்சடிக்கவும் அவர்களுக்கு அவ்வளவு நாள் வேண்டும். நியாயமான கெடு, நானே ஒப்புக்கொண்ட கெடு. நாவல், செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போன ரயில் பாதையில் வேலை பார்த்த ஒரு குடும்பத்தின் கதை. 1904-ல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. மூன்று தலைமுறைக் கதையில் இரண்டரைத் தலைமுறை எழுதியாகிவிட்டது. அந்த அரைத் தலைமுறைதான் பாக்கி.

"ஒத்தையில கெடந்து எழுதுதியே தாயி, சனிக்கிழமை போயி சனீஸ்வரனுக்கு ஒரு எள்ளு வெளக்குப் போடு. வேலை தன்னால முடியும்" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. இந்த ஊரில் யாருக்கு எது தடைப்பட்டாலும் முதலில் சொல்லப்படும் வழி அதுதான். மதுநாத சுவாமி கோயில் ஊரின் நடுவில் இருக்கிறது. அகத்தியர் மணலில் பிடித்து வைத்த லிங்கத்தின் மேல் புளியமரத்திலிருந்து தேன் சொட்டி, அது இறுகிச் சுவாமியானது என்பது தலபுராணம். ஆனால் வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்களில் பாதிப்பேர் சனீஸ்வரன் சன்னதியைத் தேடித்தான் வருகிறார்கள். ராசிக்கு இரண்டரை வருஷம், வானத்தை ஒரு சுற்று சுற்றி முடிக்க ஏறத்தாழ 30 வருஷம் எடுத்துக்கொள்ளும் கிரகம் அது. அவசரத்தில் இருக்கிறவள் போய் நிற்க வேண்டிய சன்னதி அதுதானா என்று தயங்கினேன். யோசிக்க யோசிக்க, அவசரக்காரி வேறெங்கே போய் நிற்பது என்று தோன்றிவிட்டது.

தயக்கம் சன்னதியைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. வேண்டுதலை நான் குறைவாக நினைக்கிறவள் இல்லை. என் பரீட்சைக்காகப் பெரியம்மா திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு முடியிறக்கியிருக்கிறாள். அந்த அன்பின் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் பரீட்சைக்கு விடை எங்கோ ஏற்கெனவே இருக்கிறது. நாவலுக்கு அப்படி இல்லை. எது முடிய வேண்டும் என்பதே எனக்கு இன்னும் தெரியாதபோது முடித்துக் கொடு என்று நான் எதைக் கேட்கிறேன்? என்னையே கிளறிப் பார்த்ததில், கெடுவின் பயத்திலிருந்து என்னை விடுவி என்பதைத்தான் நாவலின் பெயரால் கேட்கிறேன் என்று தெரிந்தது. பயத்தில் இருக்கும்போது அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கச்சியப்ப சிவாச்சாரியாரை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் பூசை செய்தவர், கந்தபுராணம் பாடியவர். பகலில் 100 பாட்டு எழுதுவாராம். இரவு அர்த்தசாம பூசை முடிந்ததும் ஏட்டையும் எழுத்தாணியையும் முருகன் திருவடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் நடை திறந்து பார்த்தால் திருத்தங்கள் இருக்கும். காஞ்சி மரபு சொல்வது இது. கந்தபுராணத்தில் 10,345 பாடல்கள். நாளுக்கு 100 என்றால் 104-ஆம் நாளில் முடிந்திருக்க வேண்டும். சிறுவயதில் இந்தக் கதையில் என்னை மயக்கியது முருகன் எழுத்தாணி பிடிக்கிற காட்சி. இப்போது என் கண் நிற்பது சிவாச்சாரியார் வீட்டுக்குப் போகிற இடத்தில். அவர் போய்த் தூங்கினார். அன்றைய 100 பாட்டில் பிழை இருக்கலாம் என்று தெரிந்தும் அதைத் தன் கையிலிருந்து இறக்கி வைத்தார். இறக்கி வைக்காத ஏட்டை யாராலும் திருத்த முடியாது, முருகனாலும் முடியாது.

எனக்கு அந்த இறக்கி வைத்தல் வருவதில்லை. இரவு விளக்கணைத்த பிறகும் அன்று எழுதிய பக்கம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாக்கியத்தை மாற்றுவதற்காக எழுந்து, விடியும்வரை ஒரு பக்கத்தையே அடித்து அடித்து எழுதிய இரவுகள் உண்டு. கடுமையான உழைப்பு என்று அதைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அது அவநம்பிக்கையின் ஒரு வடிவமாகவே படுகிறது. நான் விழித்திருந்தால்தான் உலகம் நடக்கும் என்கிற நினைப்பு அதில் இருக்கிறது.

கெடுவோடு எழுதியவர்களில் தஸ்தயேவ்ஸ்கியை யாரும் மிஞ்ச முடியாது. 1865-ல் கடன் தாங்காமல் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்குக் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1-க்குள் ஒரு புது நாவல் தர வேண்டும். தவறினால் அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுதுவதையெல்லாம் காசு கொடுக்காமல் ஸ்தெல்லோவ்ஸ்கி வெளியிட்டுக்கொள்ளலாம். அந்த வருஷம் முழுக்க 'குற்றமும் தண்டனையும்' ஒரு பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. அக்டோபர் தொடங்கியும் கெடு நாவலில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆளுக்கொரு பகுதியாக எழுதித் தருகிறோம் என்று நண்பர்கள் முன்வந்தார்கள். பிறர் எழுதியதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிறகு சுருக்கெழுத்து படித்த 20 வயதுப் பெண்ணான அன்னா வந்தார். அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுத, 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. வாங்க ஆளில்லாதபடி பதிப்பாளர் ஊரைவிட்டே போய்விட்டதால் பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் பெரும்படவம் ஸ்ரீதரன் இந்த 26 நாளை வைத்தே 'ஒரு சங்கீர்த்தனம் போலே' என்ற நாவலை எழுதினார்.

இதில் விசுவாசம் எங்கே என்று கேட்கலாம். தஸ்தயேவ்ஸ்கி கடவுளை நம்பியவர், நம்ப முடியாமல் தவித்தவரும்கூட. சைபீரியச் சிறைக்குப் போகிற வழியில் 1850-ல் தொபோல்ஸ்கில் தமக்குக் கிடைத்த புதிய ஏற்பாட்டைச் சாகும்வரை வைத்திருந்தார். ஆனால் அக்டோபர் மாதத்தின் விசுவாசம் வேறோர் இடத்திலும் இருந்ததாக நான் நினைக்கிறேன். யாரும் நுழையாத தன் அறைக்குள் அறிமுகமில்லாத ஒரு பெண்ணை உட்கார வைத்து, இன்னும் உருவாகாத வாக்கியத்தை அவள் காதுபட வாய்விட்டுச் சொன்னாரே, அங்கே. எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அது எவ்வளவு கூச்சம் தரும் என்று தெரியும். செப்பனிடாத வாக்கியத்தை இன்னொருவர் கேட்பதைவிட உடம்பு காய்ச்சலில் கிடப்பது மேல் என்று இருக்கும்.

தனிமை வேண்டும் என்றுதான் நானும் இலத்தூருக்கு வந்தேன். இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் குற்றாலம். வாய் பேசாமலே வாழ்ந்த மௌன சாமியின் மடம் அங்கே இருக்கிறது. அதே குற்றாலத்தில்தான் ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வாழ்ந்தார். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு விருந்தாளிகளுக்கு அதை மணிக்கணக்கில் சுவைத்துச் சொன்ன மனிதர். கல்கி அந்த வீட்டுக்கு ஆசையாக வந்து போனவர். மௌனமும் பேச்சும் ஒரே அருவிச் சாரலில் இருந்திருக்கின்றன. எழுதுகிறவளுக்கு இரண்டில் எது என்று இங்கே வருமுன் கேட்டிருந்தால் மௌனம் என்று சட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. மத்தியானம் ஆச்சி சோற்றுத் தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிப் போகிறார். தெருப்பிள்ளைகள் என் ஜன்னல் பக்கம் வந்தால் "ஏலேய், அந்தப் பக்கம் போயி வெளையாடுங்கல" என்று விரட்டுகிறார். என் தனிமைக்கு இத்தனை பேர் காவல் இருக்கிறார்கள்.

ஆச்சியின் மருமகள் பீடி சுற்றுகிறவர். தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதை வாசலுக்கு வாசல் பார்க்கலாம். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, 25 பீடியை ஒரு கட்டாகக் கட்டிக் கடையில் ஒப்படைக்க வேண்டும். அங்கே சரியில்லாததைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கணக்கு எழுதுவார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு. எனக்கு வருஷத்துக்கு ஒரு கெடு என்றால் அவருக்குத் தினமும் கெடு. ஒருநாள் கேட்டேன், "கழிச்சிருவாங்களேன்னு பயமா இருக்காதா மதினி?" கை நிற்காமலே பதில் வந்தது. "கழிச்சாக் கழிக்கட்டும் மதினி. சுத்தாம இருந்தா என்னத்தக் கழிப்பாவ?"

இதைப் பெரிய ஞானமாகத் தூக்கி நிறுத்த எனக்கு மனம் கூசுகிறது. புகையிலைத் தூளில் இருமிக்கொண்டு, பத்தாத கூலிக்கு உழைக்கிற ஒருவரின் வாழ்க்கை எனக்குப் பாடம் சொல்வதற்காக ஏற்பட்டது இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை என் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு மூன்று பக்கம் எழுதினேன். நன்றாக வந்ததா என்று பார்க்காமல் உறைக்குள் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

கெடு தவறிப்போன எழுத்துகளும் இருக்கின்றனவே என்று கேட்டால், இருக்கின்றன. இந்த மாவட்டங்களின் மனிதர் அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தைத் தம் 'பஞ்சாமிர்தம்' இதழில் எழுதிக்கொண்டிருந்தபோது, 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிவிட்டு அமர்ந்தவர் அங்கேயே உயிர் விட்டார். மூன்றாம் பாகம் அப்படியே நின்றது. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் இருந்தது. அதை அவர் மகள் ஆனந்தி முடித்தார். இவர்கள் வாரக்கெடுவும் மாதக்கெடுவும் அறிந்தவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள். முடித்துக் கொடு என்று கேட்டிருந்தால் அந்த வேண்டுதல் பலிக்கவில்லை என்றாகிறது. அதனால் அவர்கள் விசுவாசம் பொய் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதனால் நான் சனீஸ்வரனிடம் முடிவைக் கேட்கவில்லை. விளக்கைப் போட்டேன், நாளைக் காலை மேசைக்கு வர வேண்டும் என்று கேட்டேன், ராத்திரி அதைவிட்டு எழுந்திருக்கவும் தெரிய வேண்டும் என்று சேர்த்துக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்கும்போதுதான் தொண்டை அடைத்தது.

அங்கிருந்து தென்காசிக்குப் போய் காசி விசுவநாதர் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். பராக்கிரம பாண்டியன் 1446-ல் தொடங்கிய கோயில். ராஜகோபுரம் நிறைவு பெறுவதற்குள் அவன் காலம் முடிந்து, தம்பி குலசேகரன் மிச்சத்தைச் செய்தான் என்பார்கள். அந்தப் பாண்டியன் கல்லில் வெட்டிவைத்த செய்தி ஒன்று உண்டு. இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதேனும் குறை நேர்ந்தால், அப்போது வந்து அதை நீக்கிக் காப்பவர் யாரானாலும் உலகம் அறிய அவர்களைப் பணிந்தேன் என்கிறான். அரசன், இன்னும் பிறக்காதவர்களைப் பணிகிறான். குறை வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கோபுரம் பின்னால் சிதைந்து பலகாலம் மொட்டையாக நின்றது. எங்கெங்கோ இருந்தவர்கள் சேர்ந்து ஒன்பது நிலையாக எழுப்பி 1990-ல் குடமுழுக்குச் செய்தார்கள். சிவாச்சாரியார் விடியற்காலைக்கு நம்பினார் என்றால், இவன் ஐந்நூறு வருஷத்துக்கு நம்பியிருக்கிறான்.

என் நாவலில் ரயில்வே கேங்மேனின் மனைவி கணவனை விட்டுப் புனலூருக்குப் போகிறாள், ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். ஏன் வந்தாள் என்பது எனக்கு இன்னும் துலங்கவில்லை. துலங்கும்வரை பிரதியைக் கொடுக்கக் கூடாது என்று புரட்டாசி பிறந்தபோது நினைத்திருந்தேன். இப்போது, ஐப்பசி கடைசியில் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அதைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவள் ஏன் வந்தாள் என்பது எங்கோ படிக்கிற ஒருத்திக்குத் தெரிந்திருக்கும், அவள் எனக்கு எழுதினால் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்வேன்.