மடற்பனையும் இரவல் விடையும்: உயர்நிலைப் பள்ளி ஆங்கில இலக்கியக் கல்வியை முன்வைத்து

முன்னுரை

இந்தியாவின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலக் கவிதை கற்பிக்கப்படும் முறை ஏறத்தாழ ஒரே தன்மையது. ஆசிரியர் கவிதையை ஒருமுறை படிப்பார். வரிவரியாகத் தாய்மொழியில் பொருள் சொல்வார். பின்னர் அதன் சுருக்கத்தையும் தேர்வில் வரத்தக்க வினாக்களுக்குரிய விடைகளையும் ஆங்கிலத்தில் சொல்லி எழுதச் செய்வார். மாணவர் அவற்றை மனனம் செய்து தேர்வில் ஒப்புவிப்பர். இம்முறையின் பயன்குறைவு பற்றிக் கல்வியியலார் விரிவாகவே பேசியுள்ளனர். ஆயின் இது பயிற்றுமுறைச் சிக்கல் மட்டுமன்று, அறச்சிக்கலுமாகும். தாம் எண்ணாத ஒன்றைத் தம் விடையென மாணவர் எழுதுமாறு செய்வது ஆசிரியர்க்குத் தகுமா? இரக்கத்தால் செய்யினும் அது அறமாகுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வு ஆண்ட பாடம்

1835இல் மெக்காலே அளித்த குறிப்பும் அதனையொட்டிய அரசின் முடிவும் ஆங்கிலக் கல்விக்கு அரசு ஆதரவை உறுதிசெய்தன. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் கல்வி நிலையங்களில் தனிப்பாடமாக நிலைபெறும் முன்னரே இந்தியாவில் பாடமாகியதையும், அதன் பின்னணியில் இருந்த ஆட்சி நோக்கங்களையும் கௌரி விசுவநாதன் ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ (1989) என்னும் நூலில் விளக்கியுள்ளார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றின் நுழைவுத் தேர்வு பள்ளிப் பாடத்தின் போக்கை வரையறுக்கலாயிற்று. ஆகவே இலக்கியம் இந்திய மாணவரிடம் வந்து சேர்ந்தபோதே தேர்வுக்குரிய பொருளாகவே வந்தது எனலாம். இன்றைய ஆசிரியர் ஒருவரின் சோம்பலால் விளைந்ததன்று இவ்வழக்கம், நெடிய மரபுடையது.

இரக்கத்தின் வாதம்

விடை சொல்லி எழுதச்செய்யும் ஆசிரியரின் தரப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. அவர் எதிரில் அமர்ந்திருப்போருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டியவர். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேளாதவர். பல மாநிலங்களில் ஆங்கிலத் தாள் ஒன்றில் தவறுவது மேற்படிப்பின் வாயிலையே அடைத்துவிடக்கூடும். இந்நிலையில் அம்மாணவரைச் சொந்தமாக எழுதச்சொல்லித் தோல்விக்கு உள்ளாக்குவது கொடுமை. மனனத்திற்குரிய விடையைத் தந்து கரையேற்றுவதே கருணை என்பது அவர் வாதம். கற்போரின் கொள்ளும் ஆற்றலை அறிந்து கற்பிக்க வேண்டும் என்னும் நன்னூற் பொதுப்பாயிரக் கருத்தையும் இவ்வாதத்திற்குத் துணையாகக் காட்டலாம்.

எனினும் அதே பாயிரம் ஆசிரியர் ஆகாதவர்க்கு உவமை கூறுமிடத்தில் மடற்பனையைக் குறிப்பிடுகிறது. மடற்பனை தானே உதிர்க்கும் கனியைத் தரும். ஏறிப் பறிக்க விடாது. இரவல் விடை தரும் வகுப்புக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. அங்கே கனி மறுக்கப்படவில்லை, தாராளமாகவே உதிர்கிறது. மறுக்கப்படுவது ஏறும் உரிமையே. கற்போரின் ஆற்றலை அறிதல் என்பது அவர் ஏறத்தக்க உயரத்தை அறிதலே அன்றி, ஏறவே இயலார் என முன்னரே தீர்ப்பளித்தல் ஆகாது.

எஞ்சுவது யாது?

வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், இருமொழியம் பற்றிய தம் 1926ஆம் ஆண்டு நூலில் காப்பீட்டுத் துறையின் ‘ஒப்படைப்பு மதிப்பு’ என்னும் கருத்தைக் கல்விக்குப் பொருத்தினார். காப்பீட்டை இடையில் நிறுத்துவோர்க்குத் திரும்பக் கிடைக்கும் தொகை போல, படிப்பை இடையில் நிறுத்தும் மாணவர்க்கு அதுவரை கற்றதில் எஞ்சும் பயன் யாது என்பது அவர் எழுப்பிய வினா. இதனைக் கணக்கியல் வினாவாக மட்டும் கொள்ளாது அறவியல் வினாவாகவும் கொள்ளலாம். மனனம் செய்த விடை தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். மதிப்பெண் எஞ்சும், மொழி எஞ்சாது. தொடர்ந்து படிக்கும் வசதியுடையோர் அவ்விழப்பைப் பின்னர் ஈடுசெய்துகொள்வர். பத்தாம் வகுப்போடு நிற்போர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே யார்மீதுள்ள இரக்கத்தால் இரவல் விடை தரப்படுகிறதோ, அவரே அதனால் மிகுதியும் இழப்பவராகிறார்.

ஒரு காக்கையும் இரு பொருளும்

2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தையொட்டி என்.சி.இ.ஆர்.டி. உருவாக்கிய பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இராபர்ட் ஃபிராஸ்டின் ‘டஸ்ட் ஆஃப் ஸ்னோ’ இடம்பெற்றது. எட்டே வரிகளில் ஒரே வாக்கியமாக அமைந்த கவிதை அது. காக்கை ஒன்று மரத்திலிருந்து பனித்துகளைத் தன்மீது உதிர்த்த விதம் தன் மனநிலையை மாற்றி, வருத்தத்தில் கழிந்த நாளின் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது என்கிறது கவிதைக் குரல். சொல்லி எழுதப்படும் விடைகளிலோ காக்கை தீய நிமித்தத்தின் குறியீடு என்பது வாய்பாடாக அமைந்துவிடுகிறது.

தமிழ் மாணவர் ஒருவர்க்குப் பனிப்பொழிவு அயலானது, காக்கை அயலானதன்று. விருந்து வரக் கரையும் காக்கையையும், படையலுண்ண அழைக்கப்படும் காக்கையையும் அவர் அறிவார். குறுந்தொகை 210ஆம் பாடலில் காக்கை கரைந்து விருந்தின் வரவை உணர்த்தியதைத் தோழி போற்றுகிறாள். அப்பாடலால் நச்செள்ளையார் ‘காக்கைபாடினியார்’ எனப் பெயர் பெற்றார். அம்மாணவர் ‘இக்காக்கை நல்ல செய்தி கொணர்ந்தது’ என எழுதினால் அது பிழையா? கவிதையின் இறுதி அதற்கு இடந்தருகிறது. மறுபுறம், ‘விருந்தினர் வந்தனர்’ என எழுதினால் அதற்குக் கவிதையில் சான்றில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் காணுமாறு செய்வதே இலக்கிய வகுப்பின் பணி. தம் காக்கையோடு வகுப்பினுள் வரும் உரிமையும், கவிதையின் காக்கைக்குக் கட்டுப்படும் கடமையும் ஒருங்கே கற்பிக்கப்பட வேண்டியவை. இரவல் விடை அவ்விரண்டையும் ஒருசேர நீக்கிவிடுகிறது.

தாய்மொழியின் இடம்

இதனால் வகுப்பில் தாய்மொழியே கூடாது என்பது பெறப்படாது. 2005 சட்டகம் பன்மொழிச் சூழலைக் கற்றலுக்குரிய வளமாகவே கண்டது. ஆசிரியர் தாமே பொருள் முழுவதையும் சொல்லி முடித்துவிடத் தாய்மொழியைப் பயன்படுத்துவது வேறு; மாணவர் தம் ஐயத்தையும் கருத்தையும் வெளியிட அதனைப் பயன்படுத்துவது வேறு. முன்னது சிந்தனையை மூடுவது, பின்னது திறப்பது. தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம், மாணவரின் கவனம் பொருளில் ஈடுபடுகையில் மொழியமைப்பு உள்ளத்தில் படியும் என்னும் கருதுகோளின்மேல் எழுந்தது. தமக்கெனச் சொல்வதற்கு ஒன்றிருக்கும்போதே மாணவர் மொழியை நாடுவர் என்பதை இதனோடு இணைத்து எண்ணலாம்.

முடிவுரை

தேர்வு முறை மாறும்வரை குறிப்புகளை அறவே கைவிடுமாறு ஆசிரியரை வற்புறுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. அது மாணவரின் வாழ்வைப் பணயம் வைப்பதுமாகும். குறிப்பு தருவது குற்றமன்று. குறிப்பையே கல்வியென நம்பச்செய்வதுதான் குற்றம். ‘இது தேர்வுக்கு; இனி நீ நினைப்பதைச் சொல்’ என்று பிரித்துக்காட்டும் நேர்மை ஆசிரியர்க்கு இயலும். ஒவ்வொரு கவிதைக்கும் மாணவர் தாமே ஆக்கிய இரண்டு மூன்று ஆங்கிலத் தொடர்கள், இலக்கணப் பிழையுடையனவாயினும், பிழையற்ற இரவல் பக்கத்தினும் மதிப்புடையன. பிழையைத் திருத்திக்கொள்ளலாம், எண்ணாமையைத் திருத்துதல் அரிது. இரக்கம் கனியை உதிர்ப்பதோடு நின்றுவிடுமாயின் அது அரை அறமே. மாணவர் ஏறுதற்குக் கருக்கை அரிந்து வழிசெய்யும்போதே அது முழுமை பெறும்.