கண்ணாடியும் களிம்பும்

உள்ளத்தை நாடோறும் துலக்குவான் ஒருவன், ‘யான் தூயனாயினேன்’ என்று கருதி அத்தொழிலை ஒழிதல் கூடுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியிற் சமணமலை அடிவாரத்தே தாமரைக்குளம் ஒன்றுளது. காற்றடங்கிய காலையில் மலை அந்நீரில் தலைகீழாய்த் தோன்றும். சிற்றலை எழுந்தவழிச் சிதைந்துபோம். அலையாத நீர்ப்பரப்பை விழைந்தே மக்கள் உலோகத்தைத் துலக்கிக் கண்ணாடியாக்கினர் போலும்.

அம்மரபு கேரளத்து ஆறன்முளையில் இன்றும் அழியாதுளது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, பலநாள் தேய்த்து அக்கண்ணாடியை ஆக்குப. கலவையின் அளவைச் சில குடும்பத்தாரே மறையாகக் காத்து வருகின்றனர். அவர்தம் முன்னோர் தமிழ்நாட்டுச் சங்கரன்கோயிற் பக்கத்தினின்று சென்றோர் என்பது செவிவழி வழக்கு. இரசம் பின்புறத்தே பூசிய கண்ணாடியில் விரல் வைப்பின், விரற்கும் அதன் நிழற்கும் இடையே வெளி தோன்றும். இதன்கண் முகப்பே ஒளியை மீட்டலின் அவ்வெளி இல்லை. இத்துணைச் சிறந்ததும் துடையாதொழியின் மங்கும்.

சீனர் ஏறக்குறைய 4,000 ஆண்டுகட்கு முன்னரே வெண்கலக் கண்ணாடி செய்தனர். முகத்தைத் துலக்கி, முதுகிற் கோலம் பொறித்தனர். இறந்தாரோடு கல்லறையினும் வைத்தனர். ஹான் மரபினர் காலத்துக் (கி.மு. 206 – கி.பி. 220) கண்ணாடியொன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் உளது. அதன் முகம் காண்பார்க்கு மாசுமறுவின்றித் தோன்றும். ஞாயிற்றொளி அதன்மேற்பட்டு மீண்டு சுவரிற் பாயுங்கால், முதுகிலுள்ள கோலம் அச்சுவரிலே விளங்கும். கண்ணுக்குப் புலனாகாது முகத்தில் அமைந்த நுண்ணிய மேடுபள்ளமே அதற்குக் காரணம்.

செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரோடு உடனுளது என்பது சித்தாந்தத் துணிபு. புளியிட்டு விளக்கிய செம்பு பின்னும் களிம்பேறும். குளிகை பட்டபின்னரே அக்களிம்பு அறவே நீங்கும். உயிரின் முயற்சி புளியை ஒக்கும். திருவருள் குளிகையை ஒக்கும். அற்றேல், முயற்சி வீணன்றோ எனின், அன்று. அருளை ஏற்றற்கு உயிரைப் பக்குவமாக்குவது சரியை முதலிய அம்முயற்சியே என்க.

இனி, அருள்பெற்ற சீவன்முத்தரையும் வாசனாமலம் தாக்கும். அது நோக்கியே சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரிணக்கமும் ஆலய வழிபாடும் விதித்தது. துலக்கிய முகத்திலும் முதுகின் கோலம் கரந்துறைதலை அச்சீனக் கண்ணாடியிற் கண்டாமன்றே? தன் முகத்தையே நோக்கி மகிழ்வான் அக்குற்றத்தை அறியான். அருளொளி பட்டு, அடியார் கூட்டமாகிய சுவரின் முன் நின்றவழியே அது புலனாம். ஆகலின், தூயனாயினேன் என்பான் அன்றும் துலக்குக. அச்சுவரை விட்டு நீங்காதொழிக.