உட்கார்ந்தால் என்ன?

வேலையிடத்தில் ‘முடியாது’ என்று சொல்லப் பழகுங்கள் என்று அறிவுரை சொல்லாத ஆள் இல்லை. ஆறு மணிக்கு மேல் போனை எடுக்காதீர்கள், லீவில் மெயில் பார்க்காதீர்கள், தயங்காமல் மறுத்துவிடுங்கள். நல்ல யோசனைதான். ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜவுளிக்கடைப் பெண்களின் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகரில் சேலை எடுக்கப் போனவர்கள் பார்த்திருக்கலாம். இருபது வயதுப் பெண் அலமாரியில் முதுகு பட்டும் படாமலும் சாய்ந்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பாள். கீழே விழுந்த சேலையை எடுக்கும் சாக்கில் இரண்டு நொடி கூடுதலாகக் குத்தவைத்திருந்துவிட்டு எழுவாள். சூப்பர்வைசர் வரும் பக்கம் ஒரு கண் இருக்கும். சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கிவிடும். பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்க வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக் குடிப்பவர்கள் உண்டு. வருஷக்கணக்கில் நின்றால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. அவளிடம் போய் ‘உன் எல்லையை நீயே வகுத்துக்கொள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் திமிர். மறுநாள் வேலை இருக்குமா என்பதே சந்தேகம்.

கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியாக இருந்த விஜிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பு, பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டது. ஒருத்தி கேட்டால் அடங்காப்பிடாரித்தனம் என்று தள்ளிவிடலாம். ஒரு தெருவே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021ல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லாருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறது அது.

வாய்ப்புக் கிடைத்ததா இல்லையா என்று முடிவுசெய்வது யார்? சட்டம் ஸ்டூலை வாங்கிப் போடவைக்கும். உட்கார்ந்தவளைக் கண்டதும் சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறாரே, அதற்கு என்ன செய்யும்? வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நிற்பதுதான் மரியாதை என்று அவர் நம்புகிறார். அப்படி அவரை நம்பவைத்திருப்பவர்கள் நாம்தான். இன்னார் எதிரில் இன்னார் உட்காரக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது என்று மனிதர்களை நிறுத்திவைத்திருந்த மண் இது. அந்தப் பழைய கணக்கு ஏசி போட்ட கடைக்குள்ளும் வந்து நிற்கிறது.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. கோடு போடுகிறவரின் துணிச்சலால் மட்டும் எந்தக் கோடும் நிலைப்பதில்லை. எதிரில் இருப்பவர் அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அதிலும் கை ஓங்கியவர்தான் முதலில் தாண்டாமல் இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ‘அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்’ என்று வாட்ஸாப்பில் அனுப்பும் மேலாளர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் படித்தவருக்குத் தூக்கம் போய்விடுகிறதே. நாளைக்குப் பார்த்தால் போதுமென்றால் நாளைக்கே அனுப்பலாம். பிரான்சில் 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வேலை நேரத்துக்குப் பிந்தைய தொடர்பு பற்றி ஊழியர் தரப்போடு பேசும் பொறுப்பைப் பெரிய நிறுவனங்கள்மேல் வைத்திருக்கிறது. சுமையை வைக்க வேண்டிய தோள் அதுதான்.

அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது, நம்மைக் கண்டு அவள் பதறி எழப்போனால், “எழுந்திருக்காதீங்கம்மா, உட்கார்ந்தே காட்டுங்க” என்று சொல்லலாம். சூப்பர்வைசர் காதில் விழும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லலாம்.